அறளை என்ற சொல்லோடு முடிவதில்லை



எங்கள் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது. ‘அறளை’ என்ற சொல். வயது முதிர்ந்த ஒருவர் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், சாப்பிட்ட பிறகும் ‘எனக்கு ஒருவரும் சோறு தரவில்லை’ என்று முறையிட்டால், ‘கிழவருக்கு அறளை பேந்திட்டுது’ என்று சொல்லிவிட்டு நாங்கள் எங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். அந்தச் சொல்லில் இளக்காரம் உண்டு, கொஞ்சம் அன்பும் உண்டு. ஆனால் அது ஒரு தீர்ப்பு. அதற்குப் பிறகு ஒருவரும் எதையும் விசாரிப்பதில்லை.

அந்தத் தீர்ப்புக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்விகளைப் பற்றித்தான் இன்று உங்களோடு கதைக்கப் போகிறேன். ஒரு மனிதரின் நினைவும் நடத்தையும் மாறிக்கொண்டு போவதை எப்படிக் கண்டுகொள்வது? எப்படி அளப்பது? திருகோணமலையில், துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வீட்டில், அந்த அளவுகோல் எப்படி இருக்கவேண்டும்? இலக்கியத் தொடரில் வைத்தியம் எதற்கு என்று நீங்கள் நினைக்கலாம். சொற்கள் ஒருவரை விட்டுப் போவதைப் பற்றிய பேச்சு இலக்கியத்துக்கு அந்நியமானதல்ல என்பது என் எண்ணம்.

என் பெரியப்பாவிலிருந்து தொடங்குகிறேன். அவர் 1932இல் பிறந்தவர். பத்து வயதுப் பையனாக இருந்தபோது, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை, ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டதைக் கண்டவர். எண்ணெய்க் குதம் ஒன்று நாட்கணக்கில் எரிந்ததை எங்களுக்கெல்லாம் கதையாகச் சொன்னவர். பின்னர் பிரித்தானியக் கடற்படையின் டொக்யார்ட்டில் பண்டகசாலை எழுதுவினைஞராகச் சேர்ந்தார். 1957இல் வெள்ளைக்காரர் தளத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகு அரசாங்க உத்தியோகம் பார்த்து, பென்சன் எடுத்து, உவர்மலையில் மகனோடும் மருமகளோடும் இருந்தார்.

2010இல் தொடங்கியது என்று இப்போது சொல்கிறோம். அன்று அப்படி ஒன்றும் தெரியவில்லை. கண்ணாடியை வைத்த இடம் மறந்தார். எல்லோரும் மறக்கிறோம்தானே என்று இருந்தோம். பேரப்பிள்ளைக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதை மெல்ல நிறுத்தினார். வயது போய்விட்டது என்று இருந்தோம். பிறகு ஒருநாள் பென்சன் காசைக் காணவில்லை என்றார். அடுத்த மாதமும் காணவில்லை. மூன்றாம் மாதம், ‘பிள்ளைதான் எடுத்திருக்கிறாள்’ என்று மருமகளைக் கைகாட்டினார்.

அந்தப் பிள்ளை, என் அண்ணி, பத்தொன்பது வருடங்கள் அவருக்குச் சோறு போட்டவர். பெரியப்பா நினைவு மங்கியவர் போலவா அதைச் சொன்னார்? இல்லை. தெளிவாக, ஒரு பண்டகசாலைக்காரரின் ஒழுங்கோடு, எந்தத் திகதியில் எவ்வளவு குறைந்தது என்று சொன்னார். அதனால் சொந்தக்காரர் சிலர் நம்பினார்கள். நான் நம்பவில்லை என்று சொல்ல ஆசைதான். ஆனால் உண்மை என்னவென்றால், நானும் ஒருமுறை அண்ணியின் முகத்தை வேறுவிதமாகப் பார்த்தேன். அதை அவர் கண்டார்.

நேயர்களே, இங்கே ஒரு பழைய செய்தியைச் சொல்லவேண்டும். 1901இல் ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகர மனநோய் வைத்தியசாலையில் ஐம்பத்தொரு வயதுப் பெண் ஒருவர் சேர்க்கப்பட்டார். பெயர் ஓகுஸ்ட டேட்டர். அவரைப் பார்த்த வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர். அவர் அந்தப் பெண்ணிடம் பெயர் என்ன, கணவர் பெயர் என்ன, இது என்ன பொருள் என்று கேட்டுக் கேட்டு, பதில்களை அப்படியே எழுதிவைத்தார். பென்சிலைக் காட்டினால் பெயர் சொல்வார். சற்று நேரத்தில் என்னென்ன காட்டினேன் என்று கேட்டால் நினைவிருக்காது. தன்னையே தொலைத்துவிட்டதாக அந்தப் பெண் சொன்னதும் அந்தக் குறிப்பில் இருக்கிறது. 1906இல் அவர் இறந்தபின் மூளையை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, அதே ஆண்டு நவம்பரில் அல்சைமர் அதனை ஒரு கூட்டத்தில் எடுத்துரைத்தார். 1910இல் கிறேப்ளின் என்ற பேராசிரியர் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரைச் சூட்டினார்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தப் பெண்ணிடம் முதலில் வெளிப்பட்டது மறதியல்ல, கணவர் மீது சந்தேகம். மறதி அதன் பின்னால்தான் வந்தது. நூறு வருடங்களுக்கு மேலாக ஏட்டில் இருக்கும் இந்தச் செய்தி எங்கள் வீட்டுக்கு வந்துசேரவில்லை. வந்திருந்தால் காசு காணாமற்போன முதல் மாதமே நாங்கள் அண்ணியைப் பார்க்காமல் பெரியப்பாவைப் பார்த்திருப்போம். காசை அவரே எங்கோ ஒளித்துவைக்கிறார். ஒளித்ததை மறக்கிறார். வைத்த இடத்தில் இல்லையென்றால் யாரோ எடுத்திருக்கவேண்டும். அந்த மனம் தனக்குள்ள துண்டுகளை வைத்து ஒரு நியாயம் கட்டுகிறது. வீட்டில் எந்நேரமும் பக்கத்தில் இருப்பவர் யாரோ, அவரே கள்ளனாகிவிடுகிறார். பராமரிப்பவர்தான் பழியையும் சுமக்கிறார்.

2012 ஆனி மாதத்தில் பெரியப்பாவை ஒரு கிளினிக்குக் கூட்டிப்போனோம். அதற்கு முன்பு வேறோரிடத்தில் ‘வயசு போனால் இப்படித்தான்’ என்று சொல்லி எங்களை அனுப்பியிருந்தார்கள். இந்த இளம் வைத்தியர் அப்படிச் சொல்லவில்லை. ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார்.

அது 1975இல் அமெரிக்காவில் போல்ஸ்டீன் என்பவரும் சகாக்களும் உருவாக்கிய சிறு சோதனை. மொத்தம் முப்பது புள்ளிகள். இன்று என்ன திகதி, என்ன மாதம், எந்த ஊர் என்று கேட்பார்கள். மூன்று சொற்களைச் சொல்லிச் சற்று நேரம் கழித்துத் திருப்பிக் கேட்பார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வார்கள். ஒன்றன்மேல் ஒன்று படிந்த இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வார்கள். பத்து நிமிட வேலை.

‘இப்ப என்ன பருவகாலம் ஐயா?’ என்று வைத்தியர் கேட்டார். பெரியப்பா விழித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. ‘பெரியப்பா, வெளியில என்ன காத்து?’ என்றேன். ‘இதென்ன கேள்வி, கச்சான்’ என்றார் உடனே. வைத்தியர் சிரித்துக்கொண்டு புள்ளி போட்டார். கோடை, இலையுதிர், மாரி, வசந்தம் என்ற நான்கும் இங்கிலாந்துக்குச் சரி. எங்கள் கடலுக்கு வாடையும் கச்சானும்தான் பருவம். திகதி கேட்டபோது ஆனி பிறந்து இத்தனை நாள் என்று ஏதோ சொன்னார். அது பிழையாகத்தான் இருந்தது. நூறிலிருந்து ஏழைக் கழித்து தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு என்று பழைய எழுதுவினைஞர் மிடுக்கோடு இறங்கி வந்தார். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன் சொன்ன மூன்று சொற்களைக் கேட்டபோது, ‘எந்தச் சொல்?’ என்றார். சொற்கள் மட்டுமல்ல, சொற்கள் சொல்லப்பட்டதே அவரிடம் இல்லை.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. மறப்பது வேறு, பதியாமற்போவது வேறு. சாவியை எங்கே வைத்தேன் என்று நாம் தேடுவது மறதி. குறிப்புச் சொன்னால் நினைவு திரும்பும். பெரியப்பாவுக்குக் குறிப்புச் சொன்னாலும் திரும்ப எதுவுமில்லை. 1942இன் புகை இருக்கிறது, இன்று காலைத் தேநீர் இல்லை. புதிய நினைவுகள் முதலில் போகும், பழையவை நின்று பிடிக்கும் என்று பிரான்சின் ரிபோ 1881இலேயே எழுதியிருக்கிறார்.

இனி அந்தத் தாளின் குறைபாட்டையும் சொல்லவேண்டும். பள்ளிக்கூடம் போனவருக்காகச் செய்யப்பட்ட அளவுகோல் அது. வாசி, எழுது, வரை, கழி என்று கேட்கிறது. எங்கள் மாவட்டத்தில் பேனை பிடிக்காமலே ஒரு குடும்பத்தை ஆண்ட பெண்கள் எத்தனை பேர்! கரைவலை இழுப்பில் பங்கு பிரிப்பதை வாய்க்கணக்கில் முடிக்கும் ஒருவர் ஐங்கோணத்துக்கு முன்னால் தோற்றுவிடலாம். மறுபக்கத்தில், படித்த ஒருவர் நோய் தொடங்கிய பிறகும் நல்ல புள்ளி எடுத்துவிடலாம். இரண்டுமே தவறான தீர்ப்புகள்.

இதைச் சரிசெய்ய முயன்றவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில், ஹரியானா மாநிலத்தின் பல்லப்கார் கிராமங்களில், எழுத்தறியாத முதியோருக்காக மேரி கங்குலியும் குழுவினரும் இந்தச் சோதனையை ஹிந்தியில் மாற்றி அமைத்து 1995இல் வெளியிட்டார்கள். ‘கண்ணை மூடு’ என்று எழுதியதை வாசித்துச் செய்வதற்குப் பதிலாக, நான் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள் என்று மாற்றினார்கள். இலங்கையில் சிங்களத்துக்கு அது பொருத்தப்பட்டது. 2005இல் கனடாவில் வந்த மொன்றியல் சோதனைக்குத் தமிழ் வடிவமும் உண்டு. ஆனால் மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. கிண்ணியாவில் ஒரு மூத்தம்மாவிடம் ஜனவரியா, பெப்ரவரியா என்று கேட்பதை விட, நோன்பு முடிந்து எத்தனை நாள் என்று கேட்பது நல்ல கேள்வி. ஊரை அறிந்தவர்தான் ஊருக்குச் சோதனை எழுதமுடியும்.

இன்னொரு வழியும் உண்டு. நோயாளியைக் கேட்பதோடு நில்லாமல் வீட்டாரைக் கேட்பது. 1989இல் அவுஸ்திரேலியாவில் ஜோர்ம் என்பவர் அமைத்த கேள்விக்கொத்தின் சாரம் மிக எளிமையானது. பத்து வருடங்களுக்கு முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால் இவர் இப்போது எப்படி? காசு கணக்குப் பார்ப்பதில், அண்மையில் நடந்ததை நினைவில் வைப்பதில், பழகிய பொருளைக் கையாளுவதில் மாற்றம் உண்டா? அவரவரை அவரவரோடுதான் ஒப்பிடவேண்டும். படித்தவர், படிக்காதவர் என்ற வேற்றுமை இங்கே பெரிதாகக் குறுக்கிடாது.

நடத்தைக்குத் தனியாக ஒரு விசாரணை 1994இல் அமெரிக்காவில் கமிங்ஸ் என்பவரால் அமைக்கப்பட்டது. இல்லாததை நம்புகிறாரா, இல்லாததைக் காண்கிறாரா, எரிந்து விழுகிறாரா, துயரமாக இருக்கிறாரா, எதிலும் நாட்டமில்லாமல் இருக்கிறாரா, கூச்சமின்றி நடக்கிறாரா, இரவில் எழுந்து திரிகிறாரா என்று ஒவ்வொன்றாக வீட்டாரிடம் கேட்பார்கள். பின்னர் அதனோடு இன்னொரு கேள்வியும் சேர்க்கப்பட்டது: இது உங்களை எவ்வளவு வருத்துகிறது?

அந்தக் கிளினிக்கில் வைத்தியர் அண்ணியின் பக்கம் திரும்பி அதைத்தான் கேட்டார். ‘ஐயா உங்களைக் கள்ளி என்று சொல்லும்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது?’ இரண்டு வருடங்களாக எங்களில் ஒருவர்கூட அதைக் கேட்டிருக்கவில்லை. அண்ணி பதில் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். வைத்தியர் எங்களிடம், ‘ஐயா சொல்வது நோய் சொல்வது. வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவிடுங்கள்’ என்றார். மருந்துச் சீட்டை விட எங்கள் குடும்பத்துக்கு அந்த வாக்கியம்தான் உதவியது. சொந்தக்காரர் வீடுகளுக்கு அண்ணனும் நானும் போய், ஒவ்வொரு வீடாக அதைச் சொன்னோம். நான் அண்ணியிடமும் சொன்னேன். சொல்லக் கடினமாகத்தான் இருந்தது.

நேயர்களே, எல்லா அறளையும் ஒன்றல்ல. அல்சைமர் நோய் பெரும்பாலும் புதிய நினைவிலிருந்து தொடங்கி மெல்ல மெல்லப் பரவுகிறது. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் கெடுவதால் வருவது சிலரில் படிபடியாக இறங்கும். ஒரு சிறு பாரிசவாதம், ஒரு படி சரிவு, சிறிது காலம் அப்படியே. லூவி உடலங்கள் என்ற படிவினால் வருவதில், இல்லாத மனிதரையும் பிள்ளைகளையும் பிராணிகளையும் கண்முன்னே தெளிவாகக் காண்பார்கள். ஒருநாள் தெளிவு, மறுநாள் குழப்பம். நடை பார்க்கின்சன் நோயாளியுடையது போல இறுகும். 1892இல் பிராக் நகரில் ஆர்னோல்ட் பிக் விவரிக்கத் தொடங்கிய வகையில், நினைவு நன்றாக இருக்கும், குணம் மாறிவிடும். கண்ணியமான மனிதர் சபையில் ஆகாத வார்த்தை பேசுவார். அழுதவரைப் பார்த்து மனம் இளகாது. இதில் பலர் அறுபது வயதுக்கு முன்னரே பாதிக்கப்படுவதால் அதை அறளை என்றுகூடச் சொல்லமாட்டோம். ‘புத்தி கெட்டுப்போச்சு’ என்போம்.

இன்னும் முக்கியமானது, அறளை போலத் தோன்றி அறளையே அல்லாதவை. தைரொயிட் சுரப்பு குறைந்தாலும், விற்றமின் பீ12 குறைந்தாலும், விழுந்து தலையில் அடிபட்டு மண்டைக்குள் இரத்தம் மெல்லக் கசிந்தாலும் மனம் மந்தமாகும். சலக்கடுப்போடு காய்ச்சல் வந்த முதியவர் ஒரே நாளில் ஆள் அடையாளம் தெரியாமற்போகலாம். நாட்கணக்கில் திடீரென வருகிற குழப்பம் உடனடியாக வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டிய ஒன்று. ஆழ்ந்த மனச்சோர்வும் மறதியாக வேடமிடும். எங்கள் ஒழுங்கையில் ஒரு மாமியை ‘அறளை’ என்று மூலையில் இருத்திவிட்டார்கள். தற்செயலாக இரத்தப் பரிசோதனை செய்தபோது தைரொயிட் குறைவு என்று தெரிந்தது. குளிசை எடுத்துச் சில மாதங்களில் அவர் மறுபடியும் பேத்திக்குத் தலை பின்னினார். அந்தச் சொல் அவருடைய ஒன்றரை வருடத்தைத் தின்றுவிட்டது.

திருகோணமலையில் இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். மாலை ஆறு மணிக்கே கதவைப் பூட்டு என்று பெரியப்பா சத்தம் போடுவார். இடி இடித்தால் மேசைக்குக் கீழே போவார். வெளியூர் வைத்தியர் ஒருவர் இதை மாயத்தோற்றம், பயப்பிராந்தி என்று குறித்துக்கொள்ளலாம். ஆனால் 1942ஐயும், 1983க்குப் பின்னான ஊரடங்குகளையும், 1990இன் ஓட்டத்தையும், 2006இன் ஷெல்களையும் கண்ட மனிதர் அவர். அந்தக் கதவு ஒருகாலத்தில் பூட்டப்படவேண்டியதாகவே இருந்தது. அவர் இல்லாததைக் கண்டு பயப்படவில்லை. முன்பு இருந்ததை இன்று இருப்பதாகக் கண்டு பயந்தார். ஒருவருடைய நடத்தையை அளப்பவருக்கு அவருடைய சரித்திரமும் தெரிந்திருக்கவேண்டும்.

இப்போது இலக்கியத்துக்கு வருகிறேன். ஐரிஸ் மேர்டொக் என்ற நாவலாசிரியை 1999இல் அல்சைமர் நோயுடன் இறந்தார். அவருடைய கடைசி நாவல் 1995இல் வந்தது. நோய் கண்டறியப்பட்டது அதன் பின்னரே. பீற்றர் கராட் என்ற நரம்பியல் வைத்தியரும் சகாக்களும் 1954, 1978, 1995 ஆகிய ஆண்டுகளில் வந்த அவருடைய மூன்று நாவல்களை எடுத்துச் சொற்களை எண்ணி, 2005இல் முடிவை வெளியிட்டார்கள். கடைசி நாவலில் இலக்கணம் குலையவில்லை. ஆனால் சொல்வளம் சுருங்கிவிட்டிருந்தது. வைத்தியர் அறியமுன்பே அவருடைய பக்கங்கள் அறிந்திருந்தன. அமெரிக்காவில் ஸ்னோடன் என்பவர் 678 கன்னியாஸ்திரீகளை ஆராய்ந்தபோது, இளவயதில் அவர்கள் எழுதிய சுயசரிதைக் குறிப்புகளில் கருத்துச் செறிவு குறைந்தவர்களிடையே முதுமையில் இந்நோய் கூடுதலாக இருந்ததைக் கண்டார். கார்சியா மார்க்கேஸ், நினைவு அழியும் ஊரில் பொருள்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டும் மனிதர்களைத் தம் நாவலில் 1967இல் படைத்தவர். தம் கடைசி வருடங்களில் அவரும் நினைவு இழந்தார்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றுதான். உங்கள் வீட்டுப் பெரியவர் கதைப்பதைக் கவனியுங்கள். கடிதமோ கணக்குக் கொப்பியோ எழுதுபவரானால் அதையும் பாருங்கள். பெரியப்பாவின் கணக்குக் கொப்பிகளை அவர் இறந்தபின் திறந்து பார்த்தேன். 2008 வரை ஒவ்வொரு பொருளுக்கும் பெயர். பிறகு ‘சாமான்’, ‘சாமான்’, ‘சாமான்’ என்று வரிவரியாக. அவர் கொப்பி எங்களுக்கு நாலு வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

2012 கணக்கெடுப்பின்படி இந்நாட்டில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் அறுபது வயதைத் தாண்டியவர்களாக இருந்தார்கள். அந்த விகிதம் ஏறிக்கொண்டே போகிறது. ராகமப் பகுதியில் அறுபத்தைந்து கடந்தவர்களிடையே நடந்து 2003இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழ 4 வீதத்தினருக்கு இந்நோய் இருந்தது. தமிழ்நாட்டில் திருப்போரூர்ப் பகுதிக் கிராமங்களில் அறுபது கடந்தவர்களிடையே நடந்து 1997இல் வெளியான ஆய்வில் 3.5 வீதம். அரிய நோயல்ல இது. முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை. இருக்கிற மருந்துகள் சிலருக்குச் சிறிது காலம் கைகொடுக்கும். புதிதாக வந்தவையும் ஆரம்ப நிலையில்தான் ஓரளவு வேகத்தைக் குறைக்கின்றன. ஆகவே ஆரம்பத்தில் கண்டுகொள்வதில் பயன் இருக்கிறது.

வைத்தியரிடம் போகும்போது வெறும் ‘மறதி’ என்று சொல்லாதீர்கள். எப்போது தொடங்கியது, திடீரென்றா மெல்லவா, முதலில் மாறியது நினைவா குணமா, முன்பு செய்த எதை இப்போது செய்வதில்லை, இரவில் எப்படி, என்னென்ன குளிசை எடுக்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அவரைப் பார்க்கிறவர் எப்படி இருக்கிறார் என்பதையும் எழுதுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒருநாள் காலை பெரியப்பாவைக் காணவில்லை. அவர் பஸ்ஸேறிக் கிண்ணியாத் துறைக்குப் போய்விட்டார். தேநீர்க்கடை நானா ஒருவர் கண்டு, இருத்தி, விசாரித்து எங்களுக்கு அறிவித்தார். நான் போனபோது, புதுப் பாலத்தின் அடியில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘பாதை இன்னும் வரேல்லத் தம்பி’ என்றார். வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வந்த அந்தப் படகுக்கு எங்கள் பக்கத்தில் பாதை என்றுதான் பெயர். 2009 ஒக்டோபரில் பாலம் திறந்தபோது அதன் தேவை முடிந்தது. முன்பென்றால், ‘பாதை நின்று எத்தனை வருசம், பாலத்தைத் தெரியேல்லையா?’ என்று திருத்தியிருப்பேன். அன்று, ‘பாதை வர நேரமாகும் பெரியப்பா, தேத்தண்ணி குடிப்பம்’ என்றேன். சரி என்றார். நானாவின் கடையில் இருவரும் குடித்தோம். பிறகு பேசாமல் என்னோடு பஸ்ஸேறி வீட்டுக்கு வந்தார்.

அண்ணி வாசலில் நின்றார். ‘எங்க மாமா போனீங்கள்?’ என்றார். ‘கிண்ணியாவுக்கு’ என்றார் பெரியப்பா. அது சரியான விடை.